தெரிந்த சொல்தான் காலை வாரும்
ஷேக்ஸ்பியர் படிக்கப்போகிறேன் என்று பழைய ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி உருப்போட்டுக்கொண்டிருக்கிறாள் அக்கா மகள். ‘தவ்’, ‘தை’, ‘ஹாத்’ எல்லாம் நாலு பக்கம் தாண்டினால் தானே பழகிவிடும். காலை வாருவது தெரிந்த மாதிரி இருக்கும் சொற்கள்தான். ‘வேர்ஃபோர்’ என்றால் ‘எங்கே’ அல்ல, ‘ஏன்’. ஜூலியட் ஒன்றும் ரோமியோவைத் தேடிக்கொண்டு நிற்கவில்லை. ஆவியின் பின்னே போகத் துடிக்கும் ஹாம்லெட் ‘லெட்’ என்கிறானே, அது விடுவதல்ல, தடுப்பது. (நம் ‘நாற்றம்’கூட ஒருகாலத்தில் மணத்தைத்தான் குறித்தது.) “செத்துப்போன சொல்தானே மாமா?” என்றாள். அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொன்னேன். குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளில், அதே தடை என்ற பொருளில், ‘லெட்’ இன்றும் இருக்கிறது.