வல் சூரியகாந்தியை வெட்டுங்கள், நடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஏறி லக்கல பல்லேகமைக்கு வருகிறவர்களுக்கு வல் சூரியகாந்தியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரோட்டோரம் ஆளை விட உயரமாக, மஞ்சள் மஞ்சளாக நிற்கும். வாகனத்தை நிறுத்தி செல்பி எடுக்காதவர்கள் குறைவு. நானும் எடுத்திருக்கிறேன்.

போன கிழமை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது. பாடசாலை வேலியோரம் முழுக்க இதன் தடிகளை நடுவோம், இலவசப் பசளை, இனி யூரியாவே வேண்டாம் என்று. எல்லோரும் கட்டை விரலைத் தூக்கினார்கள். நான் மட்டும் வேண்டாம் என்றேன். சிலருக்குக் கோபம். விவசாயம் படிப்பிக்கிற நீங்களே இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார்கள். படிப்பிப்பதால்தான் சொல்கிறேன்.

இந்த இலை நல்ல பசளை என்பது உண்மை. மேற்குக் கென்யாவில் சோள விவசாயிகள் இதை வெட்டிப் போட்டு விளைச்சல் எடுத்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காய்ந்த இலையில் நைதரசன் ஏறக்குறைய 3.5 சதவீதம், பொற்றாசியம் 4 சதவீதம். ஆனால் நாம் வெட்டுவது பச்சை இலை. அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 1000 கிலோ பச்சை இலை காய்ந்தால் 200 கிலோ, அதில் நைதரசன் 7 கிலோ. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ. அப்படியென்றால் ஒரு மூட்டைக்கு ஈடாக 3,300 கிலோ இலை. தலைச்சுமையாக 20 கிலோப்படி தூக்கினால் 165 நடை. யார் தூக்குவது?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோதும் இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் பெரும்போகம் அதற்குள் தொடங்கிவிட்டது. அந்தப் போகம் என் மாணவன் ஒருவனின் தகப்பனார் கிளிரிசீடியாவும் வல் சூரியகாந்தியும் வெட்டி வெட்டியே வயலுக்குப் போட்டார். பிள்ளையும் பள்ளிக்கு வராமல் கூடச் சுமந்தான். கதிர் பாதிதான் நிரம்பியது. "சேர், இலை நல்லதுதான், எங்களுக்குத்தான் கை காணாது" என்றார். அவரிடம் போய் இனி யூரியா வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று, கிளிரிசீடியா காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடிக்கும். வல் சூரியகாந்தி அவரையினம் இல்லை, அந்த வேலை செய்யாது. நிற்கிற மண்ணில் உள்ளதை உறிஞ்சி இலையில் வைக்கிறது, அவ்வளவுதான். ரோட்டோரத்துச் சத்தை நம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் லாபம். நம் நிலத்திலேயே நட்டு நம் நிலத்துக்கே போட்டால் என்ன லாபம்?

மெக்சிக்கோ பக்கத்துச் செடி இது. 1851இல் அழகுக்காக இலங்கைக்கு வந்தது, இன்று ஆக்கிரமிப்புத் தாவரம். வெட்டிய தடி ஈரமண்ணில் கிடந்தாலே வேர்விடும், விதை லேசானது, கிளறிய நிலம் கண்டால் விடாது. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரை விட்டு எழும்பி வந்தவர்களின் புதுக் காணிகளைச் சுற்றி அப்படியான நிலம் தாராளமாக இருக்கிறது. பக்கத்தில் நக்கிள்ஸ் காடு, 2010 முதல் உலக மரபுரிமை. அதன் வாசலில் பாடசாலையே தடி நடுவதா?

ஆகவே என் யோசனை இது. ஏற்கெனவே நிற்பதை, பூக்குமுன், முழங்கால் உயரத்தில் வெட்டுவோம். மறுபடி துளிர்க்கும், மறுபடி வெட்டலாம். இலையும் இளந்தண்டும் மட்டும். தடித்த தண்டை வெயிலில் நன்றாகக் காயவிட்டு அடுப்புக்குக் கொடுப்போம். இலையை நறுக்கி, கத்தரி, மிளகாய்ப் பாத்திகளில் கன்று வைக்க ஒரு கிழமைக்கு முன் மண்ணோடு புரட்டினால் சீக்கிரம் மக்கும். பாடசாலைத் தோட்டத்துக்கு இது தாராளம். வயல் வேறு கதை.

வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தரம் பத்துப் பிள்ளைகளோடு ரோட்டோரத்தில் தொடங்குகிறோம். பெற்றோரும் வரலாம். கத்தி நான் கொண்டுவருகிறேன், சாக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள்.