கோப்பாயையும் கொஞ்சம் பாருங்கள்

அன்புள்ள யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு,

கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கு மனமுவந்து கொடுக்கின்றன. அந்தப் பணம் பெரும்பாலும் பெயர்பெற்ற கல்லூரிகளின் மண்டபத்துக்கும் மைதானத்துக்குமே போகிறது. தரம் ஒன்றில் எழுத்தறிவிப்பவர் எங்கே பயிற்சி பெற்றவர் என்று அனுப்பும் நாங்களும் கேட்பதில்லை, வாங்கும் நீங்களும் கேட்பதில்லை. அப்படிப் பயிற்றுவிக்கும் தேசிய கல்வியியற் கல்லூரி கோப்பாயில் இருக்கிறது. ஏற்கெனவே சேவையிலுள்ள ஆசிரியர்களுக்கான கலாசாலையும் அங்கேயே. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த கல்வியியற் கல்லூரிகளில், உயர்தரம் சித்தியடைந்தவர்கள் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறு பயிலுநராக வகுப்பெடுக்கிறார்கள். ஊரின் கல்விக்கு அத்திவாரம் இங்கேதான் இடப்படுகிறது என்பது என் துணிபு.

பட்டதாரிகள் வேலையின்றி இருக்கையில் கல்வியியற் கல்லூரியின் டிப்ளோமாக்காரர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பட்டதாரிக்குப் பாட அறிவு கூட என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பிழை என்று கோடிழுக்க எவராலும் முடியும். ஒன்றினிடத்தில் 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாததால் பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். ‘கே’ எழுதும்போது பின்னால் ஒலிக்கும் உயிருக்கான கொம்பு ஏன் முன்னால் வருகிறது என்று தடுமாறும் பிள்ளைக்கு விளங்கவைப்பதும் அப்படித்தான். இவற்றைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பட்டமோ விஞ்ஞானப் பட்டமோ கற்றுத் தராது.

ஆரம்ப ஆசிரியருக்கும் பட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. இந்த டிப்ளோமாவை நான்காண்டுப் பட்டமாக்கினாலும் நல்லதே, பாடசாலையில் கழிக்கும் அந்த ஓராண்டைக் குறைக்காதவரை. தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு நன்றாகத்தானே வருகிறது என்பது இன்னொரு சமாதானம். அந்தப் பெறுபேற்றில் ரியூசனின் பங்கு எவ்வளவு, வகுப்பறையின் பங்கு எவ்வளவு என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. தரம் ஐந்துக்கு மிகச் சிறந்த ஆசிரியரையும் தரம் ஒன்றுக்கு மிஞ்சியவரையும் போடும் வழக்கத்தை அந்தச் சமாதானம் நியாயப்படுத்தவும் செய்கிறது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் மண்டபத்துக்கான மதிப்பீட்டைப் பார்க்குமுன், உங்கள் பாடசாலையின் தரம் ஒன்று, இரண்டு ஆசிரியர்கள் ஆரம்பக் கல்வியில் பயிற்சி பெற்றவர்களா என்று அதிபரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். எங்கள் சங்கங்களுக்கும் எழுதுங்கள். கோப்பாய்க் கல்லூரியின் நூலகத்துக்கும் கட்டுறு பயிலுநர்களின் கற்பித்தல் உபகரணங்களுக்கும் உதவச் சொல்லி எங்களை நெருக்குங்கள்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து உங்களில் ஒருவர்