பி.காம். சேரப் போகிறவர்களுக்கும், சேர்க்கப் போகிறவர்களுக்கும்

அன்புள்ள குடிகாட்டு உறவுகளுக்கு,

ஷார்ஜாவிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து என் போன் ஓயவில்லை. சித்தப்பாக்களும் அத்தைகளும் கேட்பது ஒரே கேள்விதான்: "பையனுக்கு இன்ஜினியரிங் அமையற மாதிரி தெரியல. பி.காம்ல போட்டுடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் ஊருக்கே சேர்த்து இந்த மடல்.

போடுங்கள். ஆனால் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று போடாதீர்கள். மார்க் குறைந்தவனுக்குக் காமர்ஸ் என்று நம் ஊரில் யார் முடிவு செய்தார்களோ, அந்தப் புண்ணியவானைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

"மூணு மாசம் டேலி படிச்சா போதாதா?" என்று மாமா ஒருவர் கேட்டார். டேலி ஒரு கணக்கு மென்பொருள்; கூட்டும், கழிக்கும், ரிப்போர்ட் எடுத்துத் தரும். புது மோட்டார் வாங்கிய ஒரு லட்சத்தை இந்த வருஷச் செலவில் எழுதுவதா, சொத்தில் ஏற்றி வருஷா வருஷம் தேய்மானம் கழிப்பதா என்று அதைக் கேட்க முடியாது. எங்கே போட்டாலும் வாங்கிக்கொள்ளும். செலவில் போட்டால் லாபம் குறையும், சொத்தில் போட்டால் கூடும். ரெண்டு வருஷமாகப் பணம் தராத வாடிக்கையாளரின் பாக்கியை இன்னும் வர வேண்டியது என்றே காட்டலாமா என்பதும் இப்படித்தான். இந்த இடத்தில் சரியாக முடிவெடுப்பதற்குத்தான் மூன்று வருஷப் படிப்பு.

சின்னச் சின்ன சூட்சுமங்களும் உண்டு. இருப்பாய்வில் பற்றும் வரவும் 270 ரூபாய் ஒத்துவரவில்லை என்று வையுங்கள். ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இலக்கத்தை முன்பின்னாக எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 5,630ஐ 5,360 என்று. நேரே அந்த மாதிரி எண்களைத் தேடிப் போகலாம். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் இங்கே ஆபீஸில் இருந்த ஒரு பழைய மலையாளிக் கணக்கர்.

இங்கே நிலவரம் இதுதான். அமீரகத்தில் 2018 ஜனவரி 1 முதல் 5 சதவீத வாட் வந்தது. 2023 ஜூன் முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதக் கம்பெனி வரியும் வந்துவிட்டது. அதுவரை தன் திருப்திக்குக் கணக்கு வைத்திருந்த சின்ன முதலாளிகூட இப்போது கணக்குத் தெரிந்த ஆள் தேடுகிறார். நம் ஊரில் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நடந்ததும் இதுதானே.

சி.ஏ. பற்றியும் கேட்கிறார்கள். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வு இல்லாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். 2023இல் வந்த புதுத் திட்டப்படி ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சி இரண்டு வருஷம். அப்போது தரும் உதவித்தொகை சென்னையில் ரூம் வாடகைக்குக்கூடக் காணாது. இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள், பாதியில் "எப்பப்பா சம்பாதிப்பே?" என்று கேட்டுப் பிள்ளையின் மனசை ஒடிக்காதீர்கள். இன்னொன்று, சி.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. தமிழ் வழியில் கணக்குப்பதிவியல் படித்து வருகிற நம் பிள்ளைகளுக்கு இது அநியாயம்தான். நியாயம் கிடைக்கும்வரை, முதல் வருஷத்திலிருந்தே பேரேடு, தேய்மானம், ஒதுக்கு என எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பழகட்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா என்று கேட்ட அத்தைக்கு: இந்தியாவின் முதல் பெண் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் நம் தமிழ்நாட்டு ஆர். சிவபோகம். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்தவர், 1933இல் தேர்வில் தேறினார்.

இவ்வளவும் வேலைக்காக. நான் எழுத நினைத்தது வேறு.

நம் கடலூர்ப் பக்கம், பச்சையாங்குப்பத்திலிருந்து சங்கொலிக்குப்பம் வரை, சிதம்பரம் சாலையோரம் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1984இல். அதன் புகையும் உப்பனாற்றில் இறங்கிய கழிவும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2004இல் சுற்று வட்டாரக் கிராமத்து ஆட்கள் சிலர் சேர்ந்து, எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கமிருந்து என்ன நாற்றம் என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நடந்ததை நடந்த அன்றே தேதியோடு எழுதுவதுதான் குறிப்பேட்டின் முதல் பாடம். அதற்குக் காமர்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் எழுதியாயிற்று, கம்பெனிகள் எழுதுவதை யார் படிப்பது? பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனியின் ஆண்டறிக்கை இணையத்தில் சும்மாவே கிடைக்கும். மற்றவற்றின் கணக்கை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் நூறு ரூபாய் கட்டிப் பார்க்கலாம். 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எவ்வளவு செலவிட்டார்கள் என்று ஆண்டறிக்கையோடு ஒரு இணைப்பு இருக்கும். பின்பக்கக் குறிப்புகளில் 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' என்று பொடி எழுத்தில் ஒன்று வரும். வழக்கில் தோற்றால் கட்ட வேண்டிவரலாம் என்று சொல்லிவைக்கும் தொகை அங்கேதான் இருக்கும். 2021 மே மாதம் நம் குடிகாட்டுத் தொழிற்சாலை விபத்தில் நாலு உயிர் போனது. உயிர் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. நிவாரணம் ஏறும், செலவுப் பக்கத்தில்.

"ஊருக்கு என்ன செஞ்சீங்க?" என்று கூட்டத்தில் கத்தினால், டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "உங்க அறிக்கையில சமூகப் பணிக்கு இவ்வளவு செலவுன்னு போட்டிருக்கே, அது எந்த ஊர்ல, எந்தத் தெருவுல?" என்று காமர்ஸ் படித்த ஒரு பெண் எழுந்து கேட்டால் அவர்கள் ஃபைலைத் தேட வேண்டிவரும். கிராம சபையில் வரவு செலவை மடமடவென்று வாசித்துக் கையெழுத்து வாங்கும்போதும் இதே கேள்வி உதவும். ஊருக்கு இப்படி மூணு பேர் இருந்தால் போதும். எல்லோரும் என்னைப் போலக் கிளம்பி வந்துவிட்டால்தான் கஷ்டம்.

கடலூர் பெரியார் கல்லூரியோ, சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, எங்கே இடம் கிடைக்கிறதோ சேருங்கள். என் பழைய புத்தகங்கள் அம்மா வீட்டுப் பரணில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வருமான வரிப் புத்தகத்தை மட்டும் எடைக்குப் போட்டுவிடுங்கள்: 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் வருஷச் சட்டம்.

இப்படிக்கு,
உங்கள் ஷார்ஜாக் கணக்குப்பிள்ளை