திசை வினைக்குள் இல்லை

தமிழில் பேருந்திலிருந்து இறங்கலாம், காரிலிருந்து இறங்கலாம், மரத்திலிருந்து இறங்கலாம், கிணற்றுக்குள்ளும் இறங்கலாம். நான்குக்கும் ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் பேருந்துக்கு ‘கெட் ஆஃப்’, காருக்கு ‘கெட் அவுட் ஆஃப்’, மரத்துக்கு ‘கெட் டவுன் ஃப்ரம்’, கிணற்றுக்கு ‘கெட் டவுன் இன்டு’. நான்கிலும் ‘கெட்’ அப்படியே நிற்கிறது. அது எந்தத் திசையையும் சொல்வதில்லை. பின்னால் வரும் சிறு சொற்களே அந்த வேலையைச் செய்கின்றன. எழுந்து நிற்கவும் நடக்கவும் இடமுள்ள தளமாகப் பேருந்தை ஆங்கிலம் பார்க்கிறது, அதனால் அங்கே ‘ஆன்’, ‘ஆஃப்’. காரை உடம்பைச் சுற்றி அடைத்த இடமாகப் பார்க்கிறது, அதனால் ‘இன்’, ‘அவுட்’. நம் மாணவர்களோ தாம்பரத்தில் இறங்க வேண்டும் என்பதை ‘கெட் டவுன் அட் தாம்பரம்’ என்கிறார்கள். இறங்கு என்ற வினைக்குள்ளேயே கீழ்நோக்கு இருப்பதால் ‘டவுன்’ தானாக வந்து சேர்கிறது. இது கவனக்குறைவால் வருவதன்று. திசையை வினைக்குள் வைத்துப் பழகிய மனம், திசையை வினைக்கு வெளியே வைக்கும் மொழியைப் பேச முற்படும்போது இப்படித்தான் நடக்கும்.

ஆங்கிலம் கற்பிக்கும் நாம் இந்த வேறுபாட்டை வகுப்பில் சொல்வதே இல்லை. ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல் வருகிறது: ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் இன்டு’, ‘புட் ஆஃப்’, ‘கிவ் அப்’. எதிரே ஒரு பொருள். தேர்வில் அடிக்கோடிட்ட சொல்லுக்குப் பதிலாக இவற்றுள் ஒன்றை எழுதினால் மதிப்பெண். ஆங்கில வினைகள் திசைச்சொற்களோடு சேரும் முறை, பொருள் ஊகிக்க முடியாத மரபுத்தொடர்களின் குவியலாகவே மாணவருக்கு அறிமுகமாகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது எங்கள் வாதம். உடல் அசையும் திசையைச் சொல்லும் சேர்க்கைகளை முதலில், ஒரு முறைமையாக, தமிழோடு வெளிப்படையாக ஒப்பிட்டுக் கற்பிக்க வேண்டும். மரபுத்தொடர்கள் பிறகு வரட்டும்.

இதற்கான அடிப்படையை மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இட்டுவிட்டார். ஒரு பொருள் நகர்வதைச் சொல்லும்போது உலக மொழிகள் அந்த நகர்வின் பாதையை எங்கே வைக்கின்றன என்று அவர் கேட்டார். ஸ்பானியம் போன்றவை அதை முதன்மை வினையில் வைக்கின்றன. ஆங்கிலமும் ஜெர்மனும் அதை வினையைச் சுற்றியுள்ள சிறு உறுப்புகளில் வைக்கின்றன. எப்படி நகர்ந்தது என்பதைச் சொல்ல வினைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. நொண்டுவதைக் குறிக்கும் ‘லிம்ப்’ என்ற வினையோடு ‘அக்ராஸ்’ சேர்ந்தால் சாலையே கடந்தாகிவிடும். தமிழில் கட என்பது முதன்மை வினையாகிறது; நொண்டுதல் ‘நொண்டிக்கொண்டே’ என்று வினையெச்சமாக முன்னால் போய் நிற்கிறது. தமிழுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நகர்வின் முடிவில் வா அல்லது போ வந்து, அது பேசுபவரை நோக்கியதா விலகியதா என்று சொல்லிவிடும். வா, தா ஆகியவை தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல், கொடு ஆகியவை படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே வரையறுக்கிறது. ஆங்கில ‘அவுட்’டுக்கு இந்தக் கவலை இல்லை. ‘ரன் அவுட்’ என்றால் வெளியே ஓடி வந்தானா, ஓடிப் போனானா என்பது சூழலைப் பார்த்துத்தான் தெரியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘வெளியே ஓடினான்’, ‘மேலே பறந்தது’ என்று தமிழிலும் சொல்கிறோமே, பிறகு வேறுபாடு எங்கே? மறுப்பு நியாயமானது. தமிழை முழுக்க ஸ்பானியத்தின் பக்கம் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் ஓடு, பற ஆகியவை இடம்பெயர்தலைத் தமக்குள்ளேயே கொண்ட வினைகள். இடம்பெயர்தல் இல்லாத ஒரு வினையைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ‘அறைக்குள் ஆடினாள்’ என்றால் அறைக்குள் இருந்தபடி ஆடினாள் என்றே நாம் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் ‘டான்ஸ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘இன்டு’ வந்தவுடன் அவள் வாசலைத் தாண்டிவிடுகிறாள். நாம் ‘ஆடிக்கொண்டே அறைக்குள் வந்தாள்’ என்று இரண்டு வினை போட வேண்டும். எல்லையைத் தாண்டும் இந்த வேலையைத்தான் ஆங்கிலத் திசைச்சொல் செய்கிறது. தும்மலைக்கூட அது நகர்த்தும் வினையாக்கும். மேசைமேல் இருந்த கைக்குட்டைத் தாளைத் தும்மியே கீழே தள்ளிய செயலை, தும்மு என்ற ஒரே வினையோடு ‘ஆஃப்’ சேர்த்துச் சொல்லிவிடலாம் என்பது இலக்கண ஆய்வில் அடெல் கோல்ட்பெர்க் காட்டிப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இதை அகராதியில் தேடினால் கிடைக்காது. முறைமை தெரிந்தவருக்கு மட்டுமே புரியும்.

மாணவர் பிழைகளும் இதே இடத்தையே சுட்டுகின்றன. ‘என்டர் இன்டு த ரூம்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘டிசென்ட் டவுன்’ ஆகியவற்றைத் திருத்தாத ஆசிரியர் யார்? தமிழில் ‘உள்ளே நுழைந்தான்’, ‘கீழே இறங்கினான்’ என்பவை இயல்பான தொடர்கள். பாதை வினையிலும் இருக்கும், அடையிலும் இருக்கும், யாரும் மிகை என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இது ஏன் நெருடுகிறது என்பதற்கு விடை அதன் வரலாற்றில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் திசைச்சொல் பெரும்பாலும் வினையின் முன்னொட்டாக நின்றது. ஜெர்மனில் இன்றும் அந்தத் தடம் உண்டு. இடைக்காலத்தில் அது வினைக்குப் பின்னால் நகர்ந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பாதையை உள்ளே அடக்கிய ‘என்டர்’, ‘டிசென்ட்’, ‘ரிட்டர்ன்’ போன்ற வினைகள் பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறின. ஆக ஒரே மொழிக்குள் இரண்டு முறைமைகள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. நம் மாணவர் பிரெஞ்சு வழி வந்த வினையை எடுத்து அதற்கு ஆங்கிலத் திசைச்சொல்லைப் பூட்டுகிறார். இத்தகைய பிழைகள் தமிழரல்லாதவரிடமும் உண்டு, அதனால் தமிழை மட்டும் காரணமாக்க முடியாது. ஆனால் தமிழ் மாணவருக்கு இதை விளக்க ‘நுழை’, ‘இறங்கு’ என்ற இரண்டு வினைகள் கையிலேயே இருக்கின்றன. ஒப்பந்தத்தில் நுழைவதற்கு மட்டும் ‘என்டர் இன்டு’ சரி என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மாணவர் செய்தித்தாளைக் காட்டி நம்மை மடக்குவார்.

பின்னால் வரும் சொல் வினையடையா முன்னிடைச்சொல்லா என்ற கேள்விக்கு நாம் தேவைக்கு மீறி நேரம் செலவிடுகிறோம் என்பது எங்கள் கருத்து. ‘வாக் இன்’ என்று நிறுத்தினால் அடை, ‘வாக் இன்டு த ரூம்’ என்று நீட்டினால் முன்னிடைச்சொல். பாதை இரண்டிலும் ஒன்றே. இந்தப் பாகுபாடு உண்மையில் தேவைப்படும் இடம் சொல்வரிசை. மலைமேல் ஓடுவதற்கும் கடன் பாக்கியை ஏற்றிக்கொள்வதற்கும் ‘ரன் அப்’ என்றே வரும். ஆனால் ‘இட்’ என்ற பெயர்ச்சொல்லீடு வந்தால் மலைக்கு ‘ரன் அப் இட்’, பாக்கிக்கு ‘ரன் இட் அப்’. இந்த ஒரு சோதனை போதும்.

மரபுத்தொடர்களைத் திசையைக் கொண்டு விளக்க முடியாதே என்பது வலுவான மறுப்பு. சாமுவேல் ஜான்சனே 1755இல் தம் அகராதியின் முன்னுரையில், இடைச்சொல் சேர்ந்து பொருள் மாறும் வினைகளே அயலாருக்குப் பெரும் சிக்கல் என்று சொல்லியிருக்கிறார். ‘புட் அப் வித்’ பொறுத்துக்கொள்வதைக் குறிப்பது ஏன் என்று எந்தத் திசையும் சொல்லாது. அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனால் எல்லாமே அப்படியல்ல. மறைவிலிருந்து பார்வைக்கு வருவது ‘அவுட்’ என்று புரிந்துகொண்ட மாணவருக்கு ‘ஃபைன்ட் அவுட்’, ‘பாயின்ட் அவுட்’, ‘டர்ன் அவுட்’ மூன்றும் ஒரே குடும்பமாகத் தெரியும். சூசன் லின்ட்னர் 1981இல் ‘அப்’, ‘அவுட்’ இரண்டையும் ஆராய்ந்து இவற்றின் பொருள்கள் தற்செயலானவை அல்ல என்று காட்டினார். ஹங்கேரிய மாணவர்களை வைத்து ஸோல்டான் கோவெசெஷும் பீட்டர் ஸாபோவும் 1996இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், திசை உருவகத்தின்படி கற்றவர்கள் முன்பு பார்த்திராத தொடர்களிலும் கூடுதலாகச் சரியான விடை தந்தனர். சிறிய ஆய்வுதான், ஆனாலும் பட்டியல் முறை அடைய முடியாத ஒன்றை அது காட்டுகிறது. எண்ணிக்கை பற்றிய அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. டீ கார்ட்னரும் மார்க் டேவிஸும் 2007இல் பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பில் எண்ணிப் பார்த்தபோது, 20 வினைகள் 8 இடைச்சொற்களோடு சேர்வதே மொத்தத் தொடர்வினைப் பயன்பாட்டில் பாதிக்கும் மேலாக இருந்தது. எட்டுச் சொற்களை ஆழமாகக் கற்பிப்பது ஒரு கல்வியாண்டுக்குள் முடிகிற வேலை.

‘என்டர்’, ‘ரிட்டர்ன்’ போன்ற ஒற்றைச் சொல் வினைகளே போதும், முறையான எழுத்துக்கு அவையே ஏற்றவை என்று சிலர் வாதிடுவார்கள். மாணவர்கள் ஏற்கெனவே அந்த வழியில்தான் ஒதுங்குகிறார்கள். இந்தத் தொடர்வினைகளே இல்லாத ஹீப்ரு மொழி பேசுவோர் அவற்றைத் தவிர்ப்பதை மெனாஹெம் டாகட், பாட்யா லாஃபர் இருவரும் 1985இல் பதிவுசெய்தனர். ஒதுங்குவதால் எழுதும்போது தப்பிக்கலாம். கேட்கும்போது தப்ப முடியாது. தொழிற்சாலைப் பாதுகாப்பு அறிவிப்பு, மருத்துவர் சொல்லும் வழிமுறை, விமான நிலைய ஒலிபெருக்கி எல்லாம் இந்தச் சிறு சொற்களில்தான் திசை சொல்கின்றன. அவை கடக்கும் வேகத்தில், அழுத்தமில்லாமல் வந்து போகும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் காதில்தான் விழும்.

‘கெட் டவுன்’ இந்திய ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டதே, அதை ஏன் பிழை என்க வேண்டும் என்பார்கள். பிழை என்று சிவப்பு மை போடச் சொல்லவில்லை. நடத்துனரிடம் பேச அது போதும். நாம் மாணவருக்குத் தர வேண்டியது, ஆங்கிலம் பேருந்தைத் தளமாகவும் காரைக் கூடாகவும் பார்க்கிறது என்ற அறிவை. அது இருந்தால் இரண்டு வழக்கில் எதை எங்கே பேசுவது என்று அவரே தேர்ந்துகொள்வார். அந்த அறிவைத் தமிழின் துணையில்லாமல் தருவது கடினம். ஆங்கில வகுப்பில் தமிழைத் தவிர்க்கச் சொல்லும் பயிற்சிக் கையேடுகள் இந்த ஓர் இடத்திலாவது விலக்குத் தர வேண்டும். ஏறு, இறங்கு, நுழை, கட, திரும்பு, தாண்டு, சுற்று: இந்த ஏழு வினைகளுக்கும் ஆங்கிலத்தில் எந்தெந்தச் சேர்க்கை எந்தெந்தச் சூழலில் வருகிறது என்று வகுப்பு வாரியாகத் தயாரித்த பாடத்தாள்கள் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். மாணவர் எங்கே தடுமாறினார் என்ற குறிப்போடு வருபவற்றை இதழில் முதலில் வெளியிடுவோம்.