இளி என்பது இகழ்ச்சிச் சொல்லோ?

'இளி' என்னும் சொல்லை இன்றைய வகுப்பறையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். மாணாக்கர் வாய்விட்டுச் சிரிப்பர். பல்லிளிப்பு ஒன்றே அவர்தம் நினைவுக்கு வரும். ஏழிசையுள் ஐந்தாம் நரம்பின் பெயர் அது என்று அவருள் பெரும்பாலார்க்குச் சொல்வாரில்லை. 'பஞ்சமம்' என்றாலோ இசை பயிலும் பிள்ளை உடனே தலையசைக்கும். தன் வீட்டுச் சொல் நகைப்பிற்கும் அயல்வீட்டுச் சொல் மதிப்பிற்கும் உரியவாகிவிட்ட இந்நிலையினும் இழிவு தமிழனுக்கு வேறுண்டோ?

பஞ்சமம் என்பதன் பொருள்தான் யாது? 'ஐந்தாவது' என்பதே. அஃது எண்ணேயன்றிப் பெயரன்று. பெற்ற பிள்ளையைப் பெயரிட்டழையாது 'ஐந்தாவது' என்றழைக்கும் தாய் எவளும் இலள். தமிழனோ குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்பிற்கும் ஏழு பெயரிட்டான். அவற்றிற்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகும் வகுத்தான். சிலப்பதிகார உரைகள் இதற்குச் சான்று.

இளியின் சிறப்பு அவ்வளவில் நிற்பதன்று. முழு நீளத்தில் மீட்டிய நரம்பு குரலாயின், அதனை மூன்றில் இரு பங்காகக் குறுக்கி மீட்ட எழுவது இளி. இவ்வுறவே பிற நரம்புகளையும் பிறப்பிக்கும். தாரத்தில் உழையும், உழையில் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியில் கைக்கிளையும் பிறக்கும் என்று பழைய உரை முறைப்படுத்துகிறது. ஒவ்வொன்றும் தனக்கு முன்னதன் ஐந்தாம் நரம்பாதல் காண்க. இவ்வகை முறையை மேலையர் பித்தாகோரசின் பெயரால் போற்றுவர். எவர் முந்தியர் என்னும் வழக்கு ஈண்டு வேண்டா. அவர்கள் தம் முன்னோனை மறந்திலர். நாமோ நரம்பின் பெயரையே மறந்தோம் என்பதே வழக்கு.

பாலைகளும் இவ்வாறே. இன்று அரிகாம்போதி எனப்படும் செம்பாலையில் இளியையே குரலாக வைத்துப் பாடின் கோடிப்பாலை பிறக்கும். அதனைத்தான் கரகரப்பிரியா என்கின்றனர். இளி என்னும் பெயரறியாதான் இப்பண்ணுப்பெயர்த்தலை உரையில் எங்ஙனம் படித்தறிவான்?

"பெயரில் என்ன உளது? ஒலி ஒன்றுதானே" என்பார் உளர். ஒன்றெனின் தமிழ்ப்பெயரை வழங்குவதில் அவர்க்கு வந்த தடைதான் யாது? "ச, ரி, க, ம எனப் பாடுதற்கு எளிது; சிலப்பதிகார உரையிலும் அவ்வெழுத்துகள் உளவே" என்பார் வேறு சிலர். உள, மறுப்பாரில்லை. ஆனால் அவ்வுரை அவற்றை ஏற்றபோதும் குரலையும் இளியையும் வெளியே தள்ளிக் கதவடைக்கவில்லை. அன்றியும், ஏழிசைக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் நெடில்களைப் பழந்தமிழ் நூலார் எழுத்தாகக் கொண்டனர். நீட்டிப் பாடுதற்கு நெடிலினும் எளியது எது? ஐந்தாம் நரம்பிற்கு எழுத்து 'ஐ' என அமைந்த அழகையும் எண்ணிப் பார்க்க.

சான்று இல்லாமையால் நேர்ந்த கேடன்று இது. 1892-இல் சிலப்பதிகாரம் அடியார்க்குநல்லார் உரையுடன் உ.வே. சாமிநாதையரால் அச்சேறியது. 1917-இல் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் வந்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. 1947-இல் விபுலானந்த அடிகளின் யாழ்நூல் வெளிவந்தது. அறிஞர் தம் கடனை ஆற்றினர். நூலேறிய பெயர்கள் மக்கள் நாவேறவில்லை. அக்குற்றம் கற்பிப்பாரையும் கேட்பாரையும் சாரும்.

இசையரங்கில் தம்புராவை மீட்டுவார் முதற்கண் தொடும் நரம்பு இளியே. இளி, குரல், குரல், குரல் என அஃது அரங்கு முடியுமட்டும் ஓயாது ஒலிக்கிறது. ஒலி சாகவில்லை, பெயரைத்தான் கொன்றுகொண்டிருக்கிறோம். ஆதலின் ஒவ்வோர் இசையாசிரியரும் முதற்பாடத்திலேயே இளி என்று வாய்திறந்து சொல்லட்டும். முதல்நாள் பிள்ளைகள் சிரிப்பர். சிரிக்கட்டும். பொருளறிந்த மறுநாள் பாடுவர்.