பயத்துக்கு மருந்து பரிசோதனை

மெர்லிமாவ் போன்ற சிற்றூரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால்தான் உடலுறவுக்குப் பின் ஒரு கொப்புளம் கண்டால் நம் இளையோர் கிளினிக்குக்குப் போகாமல், கைப்பேசியில் படம் தேடித் தூக்கம் இழக்கிறார்கள். இது வீண் தண்டனை என்பேன்.

ஹெர்பிஸ் தொற்றினால் அறிகுறி பொதுவாக 2 முதல் 12 நாளில் தோன்றும். பலருக்குத் தோன்றுவதே இல்லை. சவரக் காயமும் அதுபோலத் தெரியலாம். எனவே படம் பார்த்து முடிவு செய்ய முடியாது. புண் ஆறுமுன் மருத்துவர் அதில் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். கிருமி உடலைவிட்டு நீங்காது. ஆனால், அசைக்ளோவிர் மாத்திரை அதைக் கட்டுப்படுத்தும்.

மருத்துவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். மாணவர்களே, ஊர் வாய்க்கு அஞ்சி நோயை மறைக்காதீர்கள். முடிவு தெரியும்வரை உறவைத் தவிருங்கள். அது உங்களையும் காக்கும், அடுத்தவரையும் காக்கும்.