மாத்திரையோடு ஓர் ஆளும் வேண்டும்

முக்கொம்புக்குச் சுற்றுலா சென்றிருக்கிறீர்களா? திருச்சிக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் அது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டுவித்த மேலணை அங்கேதான் அமைந்தது. 2018 ஆகஸ்டில் ஒருநாள் இரவு, வெள்ளத்தின்போது, கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 உடைந்து போயின. மற்ற 36 மதகுகளும் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனாலும் தண்ணீர் உடைப்பு வழியே போய்விட்டது. காசநோய் மருத்துவத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த 36 மதகுகள்தாம் நினைவுக்கு வரும்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் ஒருவருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக ஆறு மாத மருத்துவம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்னர் நான்கு மாதம் மூன்று. இரண்டாம் மாத முடிவில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், எடை கூடும். "குணமாகிவிட்டது" என்று அவர் மூட்டை தூக்கப் போய்விடுவார். நீங்களும் நானுமாயிருந்தால் வேறு என்ன செய்திருப்போம்?

ஆனால் கிருமி முற்றும் அழிந்திருக்காது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகள் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசக் கிருமிக்கு ஏறத்தாழ ஒருநாள் பிடிக்கும். இவ்வாறு மெல்ல வளர்வதும், சில கிருமிகள் உறங்குவதுபோல் கிடப்பதும் மருந்துக்குத் தப்ப உதவுகின்றன. பல லட்சம் கிருமிகளில் ஒன்று ஏதேனும் ஒரு மருந்துக்கு இயல்பாகவே மசியாது. பல மருந்துகளைச் சேர்த்துத் தருவது அதனால்தான். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். விட்டு விட்டு உண்டால் மசியாத கிருமிகளே பெருகவும் கூடும்.

"மருந்தை ஒழுங்காக உண்ணாதது நோயாளியின் குற்றம்" என்பார்கள். நான் இதை ஒப்புவதில்லை. காரணம் சென்னையிலேயே இருக்கிறது.

ஒருகாலத்தில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் படுக்கவேண்டும் என்பதே வழக்கம். (தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சானடோரியம்தான்!) 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டது. குலுக்கல் முறையில் ஒரு பாதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பியது. மறு பாதியினருக்கு வீட்டிலேயே ஓராண்டு மருந்து தந்தது. வீட்டிலிருந்தோருக்கு உணவும் ஓய்வும் குறைவு; இடமோ நெருக்கடி. ஆயினும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாயினர். வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் மருத்துவ முறையையே மாற்றிற்று.

இதைச் சொல்லும் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த வீடுகளுக்குப் பணியாளர்கள் சென்றுகொண்டே இருந்தனர். மீதி மாத்திரைகளை எண்ணினர். சொல்லாமல் வந்து சிறுநீரைச் சோதித்தனர். வீட்டில் தந்த மருந்து பலித்தது இத்தனை கவனிப்போடுதான். நோயாளியைத் தேடிச் செல்லும் அந்த ஆளும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

இன்று மருந்து இலவசம். சத்துணவுக்கென 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் என உயர்த்தினார்கள். நல்லதுதான், ஆனால் மூட்டை சுமப்பவருக்கு அது இரண்டு மூன்று நாள் கூலிக்கு மேல் வராது. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. நோய் தெரிந்தவுடனேயே எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன், துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, கடுமையாக நலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். செலவு சொற்பம், பார்ப்பதற்கு ஆள்தான் வேண்டும்.

நம் மூட்டைக்காரருக்கு வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். மருந்து வாங்கப் போனால் கூலி போகும். மார்க்கெட் டீக்கடைக்காரரே அவருடைய மாத்திரைகளை வைத்திருந்து, நாள்தோறும் தேநீருக்கு முன் எடுத்துக் கொடுத்தால் என்ன? குடும்பத்தார் அல்லாதவரும் இப்படித் துணையிருக்கத் திட்டத்தில் இடமுண்டு. டம்ளரைத் தனியாக ஒதுக்கி வைக்கவும் தேவையில்லை. இந்நோய் இருமும்போது காற்றில்தான் பரவுகிறது, டம்ளரில் அன்று.